கச்சானைத் தாண்டும் கூட்டம்

(பனிச்சங்கேணியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மீன்பாடும் தேன்நாடு என்று எழுதாத வரவேற்பு வளைவு மட்டக்களப்பில் இல்லை. மீனைப் பற்றிப் பேச இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தேனைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது அசலா, சீனிப்பாணி கலந்ததா என்ற சந்தேகத்தோடு முடிந்துவிடுகிறது. தேனைத் தருகிற பூச்சியைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் கேட்கத் துணிந்த அறக்கட்டளைக்காரருக்கு முதலில் என் நன்றி.

விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்த காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகும், இந்தப் பக்கத்து இளைஞர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஐயா, நல்ல இனத் தேனீ எங்க எடுக்கலாம்?" நல்ல மாடு, நல்ல ஆடு, நல்ல கோழிக் குஞ்சு எல்லாம் வெளியிலிருந்து வந்து பழகிவிட்ட ஊர் இது. தேனீயும் அப்படி ஒரு பெட்டியில் அடைத்து லொறியில் வரும் என்று நினைக்கிறார்கள். நல்ல இனம் ஏற்கெனவே இங்கே இருக்கிறது என்பதுதான் என் பதில். அதில் எந்தக் கூட்டத்தை வைத்துப் பெருக்குவது என்று தெரிந்தெடுக்கிற வேலையைத்தான் நாம் இன்னும் தொடங்கவில்லை. அந்தத் தெரிவைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். பருவத்துக்குப் பருவம் பெட்டியைப் பராமரிப்பதையும் சேர்த்தே சொல்வேன். இரண்டும் ஒரே வேலை என்பது போகப் போகத் தெரியும்.

இலங்கைத் தேனீக்களைப் பற்றி வெளிநாட்டவர் எழுதிய பழைய விவரங்களில் ஒன்று, இங்கிருந்து வடக்கே வெருகலைக் கடந்தால் வருகிற கொட்டியாரக் குடாவோடு தொடர்புடையது. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி 1660 இல் அங்கே கரையிறங்கிய இடத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து தப்பியோடி, 1681 இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டார். அதில் மூன்று வகைத் தேனீக்களை அவர் பிரித்துச் சொல்கிறார். மரப்பொந்திலும் நிலத்துப் பொந்திலும் கூடு கட்டுகிற, தன் நாட்டுத் தேனீயைப் போன்ற ஒன்று. உயரமான மரக்கிளையில் வெளியே தெரியும்படி பெரிய வதை கட்டுகிற இன்னொன்று. ஈயளவே இருக்கிற, கறுப்பான மூன்றாவது ஒன்று. பத்தொன்பது வருடம் கைதியாக இருந்தவர் பசியோடு பார்த்திருப்பார். பூச்சியியலாளருக்குத் தேவையான கவனம் அந்தப் பார்வையில் இருக்கிறது.

அவர் விட்டுவிட்ட நான்காவது, பற்றைக் கொப்பில் கையகலத்தில் ஒற்றை வதை வைக்கிற கொம்புத்தேனீ. இந்த நான்கில் பெட்டிக்குள் வைத்து வளர்த்து, கணிசமாகத் தேன் எடுக்கக்கூடியது நொக்ஸ் முதலில் சொன்ன பொந்துத் தேனீ ஒன்றுதான். விஞ்ஞானிகள் அதை ஏபிஸ் செரானா என்கிறார்கள். இருட்டான பொந்துக்குள் பல வதைகளை அடுக்கடுக்காகக் கட்டுகிற பழக்கம் அதற்கு இருப்பதால், பொந்துக்குப் பதில் பெட்டியைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். மண்முட்டியைக் கவிழ்த்து வைத்து அதை வரவழைக்கிற வழக்கம் இந்த நாட்டில் பழையது.

காட்டுத் தேன் எடுப்பதில் இந்தப் பகுதிக்குத் தனி உரிமை உண்டு. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையிலுள்ள கரையோர வேடர் சமூகத்தைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலிலேயே ஒரு பகுதி இருக்கிறது. தமிழ் பேசுகிற, மீனும் பிடிக்கிற, காடும் தெரிந்த மக்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பொந்துத் தேனீ எந்த மரத்தில் நிற்கும், எந்த மாதத்தில் விட்டுப் போகும் என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் பிறகு நான் புத்தகங்களில் சரிபார்த்தேன்.

இப்போது வலிமை என்ற விஷயத்துக்கு வருவோம். தேனீ வளர்ப்பைப் பற்றி உலகத்தில் அச்சான நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. அங்கே வருடத்தின் பெரிய சோதனை பனிக்காலம். பூ இல்லை, பறக்க முடியாது, சேமித்த தேனைத் தின்று ஆறு மாதம் தள்ள வேண்டும். அதைத் தாண்டிய கூட்டம் வலிய கூட்டம். அந்த நூல்களை வாசித்துவிட்டு இங்கே பெட்டி வைத்தவர்கள், மழைக்காலத்தைப் பனிக்காலத்தின் இடத்தில் வைத்துக் கணக்குப் போட்டார்கள். கணக்குப் பாதிதான் சரி. பனிச்சங்கேணித் தேனீக்கு வருடத்தில் இரண்டு பஞ்சம்.

ஒன்று மாரிப் பஞ்சம். நமக்கு வருகிற மழையின் பெரும்பங்கு ஐப்பசி பிறந்ததிலிருந்து தைக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்காக வாடையும் மழையும் பிடித்தால் தேனீ வெளியே போகாது. பூ இருந்தாலும் மழை மகரந்தத்தைக் கழுவிவிடும். இராணி முட்டையைக் குறைத்துவிடும். கூட்டம் சுருங்கும். இந்தப் பஞ்சம் கண்ணுக்குத் தெரியும்.

மற்றது கச்சான் பஞ்சம். வைகாசியில் தொடங்கித் தரையிலிருந்து வீசுகிற அந்த வறண்ட காற்று ஆடி, ஆவணியில் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. புல் கருகும், குளம் வற்றும், பூவில் இருக்கிற கொஞ்ச மதுவும் காய்ந்துபோகும். வானம் தெளிவாக இருப்பதால் தேனீ பறந்துகொண்டே இருக்கும். வாசலில் போக்குவரத்தைப் பார்க்கிறவர் எல்லாம் சரி என்று நினைப்பார். பெட்டியைத் திறந்தால் தேன் இருக்காது, புழு இருக்காது, ஓர வதைகளில் மெழுகுப்பூச்சி வலை பின்னியிருக்கும். மாரியில் சாகிற கூட்டத்தைவிடக் கச்சானில் காணாமல் போகிற கூட்டமே இங்கே அதிகம் என்பது என் அனுபவம்.

காணாமல் போவது என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொந்துத் தேனீ கூட்டை விட்டுப் போவது இரண்டு விதமாக நடக்கும். செழிப்பான காலத்தில் கூட்டம் பெருத்து, பழைய இராணி ஒரு பங்கோடு பிரிந்துபோய், மிச்சப் பங்கு புது இராணியோடு வீட்டில் இருப்பது பிரிவு. அது குடும்பம் பெருகுவது. பஞ்சத்தில், அல்லது எறும்பு, முசுறு, மெழுகுப்பூச்சி, அளவுக்கு மீறிய கைபோடல் இவற்றின் தொல்லை தாங்காமல், முழுக் கூட்டமும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பறந்துபோவது ஓட்டம். ஐரோப்பியத் தேனீ பெரும்பாலும் பட்டினியில் கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். நம் தேனீ ஓடிவிடும். காட்டுத் தேனீக்கு இது கெட்டித்தனம். மரக்கிளையில் தொங்குகிற பெரிய தேனீ தாழ்நிலத்துக்கும் மலைக்கும் இடையில் பருவம் பார்த்து இடம்பெயர்வதை நிக்கொலாஸ் கொனிகர், குட்ரூன் கொனிகர் என்ற ஜெர்மானியத் தம்பதியர் இந்தத் தீவிலேயே ஆராய்ந்து 1980 இல் எழுதினார்கள். பொந்துத் தேனீக்கும் அந்த இரத்தத்தில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நாலு பெட்டி வைத்திருக்கிற குடும்பத்துக்கு ஓடிப்போன கூட்டமும் செத்துப்போன கூட்டமும் ஒன்றுதான்.

ஆகவே பனிச்சங்கேணியில் வலிய தேனீ எது என்று கேட்டால், கச்சானிலும் வீட்டை விடாமல் நிற்கிற கூட்டம் என்பேன். அதிகம் தேன் தந்தது இரண்டாவது கேள்வி. கடிக்காதது மூன்றாவது. வரிசையை மாற்றிப் போட்டவர்கள், போன வருடம் கொழுத்த தேன் தந்த பெட்டியிலிருந்து குஞ்சுக் கூட்டம் பிரித்து, இந்த வருடம் வெறும் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படி நின்றதை வைத்து இனத்தைக் கட்டியெழுப்பியது உலகத்தில் புதிதல்ல. 1904 இலிருந்து இங்கிலாந்தைப் பிடித்த ஒரு தேனீக் கொள்ளைநோய், டெவன் மாவட்டத்து பக்ஃபாஸ்ட் துறவிமடத்தில் 46 கூட்டங்களில் 30 ஐ அழித்தது. தப்பிய 16 உம் இத்தாலியத் தேனீயோ அதன் கலப்போதான். உள்நாட்டுக் கறுப்புத் தேனீ முழுக்கப் போயிற்று. அங்கே தேனீப் பொறுப்பில் இருந்த சகோதரர் ஆடம் அந்தத் தப்பியவற்றிலிருந்து தொடங்கி, 1925 இல் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் தனித்த இடமொன்றில் இராணிகளைச் சேர்க்கை செய்வித்து, வாழ்நாள் முழுக்க உழைத்து பக்ஃபாஸ்ட் என்று பெயர்பெற்ற இனத்தை உருவாக்கினார்.

சுவீடனில் கொட்லாந்து தீவின் தென்முனையில் 1999 இல் இதைவிடக் கடுமையான ஒரு காரியம் செய்தார்கள். 150 கூட்டங்களைக் கொண்டுபோய் வைத்து, தேனீயைத் தாக்குகிற வரோவா என்ற உண்ணிக்கு மருந்து எதுவும் போடாமல் விட்டார்கள். முதல் சில வருடங்களில் பெரும்பாலானவை செத்தன. கைவிரலில் எண்ணக்கூடிய அளவு மிஞ்சியது. அந்த மிச்சம் பிறகு மருந்தில்லாமலே நிலைத்தது.

நமக்கு மொழியாலும் தேனீயாலும் நெருங்கிய உதாரணம் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். அங்கே வளர்ப்பது நம்முடையதைப் போன்ற செரானாத் தேனீ. பாவிப்பது, திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சிறிய தேனீக்கென்றே வடிவமைத்த பெட்டி. ஏழு சட்டம் கொண்ட அதே பெட்டியைத்தான் நாமும் பாவிக்கிறோம். 1920களில் ஸ்பென்சர் ஹட்ச் நடத்திய வை.எம்.சி.ஏ. கிராம நிலையம் தேனீ வளர்ப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இறப்பர்த் தோட்டங்கள் வந்த பிறகு, இளம் இலைக்காம்பில் சுரக்கிற மதுவால் தேன் பெருகியது. 1991, 1992 இல் தாய் சக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. தாய்லாந்தில் 1976 இல் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். புழு கூட்டுப்புழுவாக மாறாமல், தண்ணீர் நிறைந்த பை போலாகி அறைக்குள் நிமிர்ந்தபடியே செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. பக்கத்துக் கேரளத்தில் பத்துக் கூட்டத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. குமரி மாவட்டமும் தப்பவில்லை. வாழ்வாதாரம் போய் எத்தனையோ குடும்பங்கள் பெட்டியை விறகாக்கின.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். சிலர் ஐரோப்பியத் தேனீயை வாங்கினார்கள். இந்தியாவில் அது 1962 இலிருந்தே வட மாநிலங்களில் வேரூன்றியது. வேறு சிலர், எல்லாம் செத்த தோட்டத்தில் சாகாமல் நின்ற ஒன்றிரண்டு கூட்டங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். காட்டிலிருந்து நல்ல கூட்டங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 2023 இல் மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு பெற்றபோது, மீண்டும் எழுந்து நின்ற தொழிலுக்குக் கிடைத்த அடையாளமாகவே நான் அதைப் பார்த்தேன்.

நம் ஊரில் இப்படி ஒரு வடிகட்டல் நடந்துவிட்டதா? 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26 கடல் இந்தக் கரையை விழுங்கியது. 2006, 2007 இல் ஊரே இடம்பெயர்ந்தது. இவ்வளவுக்கும் பிறகு தேனீ இருக்கிறதே, அதனால் அது வைரம் பாய்ந்த இனம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. சூறாவளி கூட்டத்தின் குணத்தைப் பார்த்து மரத்தைச் சாய்ப்பதில்லை. பொந்து மரம் விழுந்தால் நல்லதும் போகும், மோசமானதும் போகும். நோயும் பசியும் அப்படியல்ல, ஆள் பார்த்துத்தான் கொல்லும். ஆள் பார்க்கிற சோதனையிலிருந்து மட்டுமே இனம் தேறும்.

அதனால் இங்கே ஒரு சங்கடம் வருகிறது. பஞ்சத்தில் எல்லாப் பெட்டிக்கும் சீனிப்பாணி ஊற்றினால் எது தானாக நிற்கும், எது நம் கையை நம்பி நிற்கிறது என்று தெரியாது. ஊற்றாமல் விட்டால் கொட்லாந்தில் போலச் செத்து வித்தியாசம் காட்டாது, நல்லதும் சேர்ந்து ஓடிவிடும். ஆராய்ச்சி நிலையம் 150 கூட்டத்தைச் சாகவிடலாம். நாலு பெட்டிக்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் யோசனை இது. சாப்பாட்டையும் வித்தையும் பிரித்துவிடுங்கள். பட்டினி கிடக்கிற பெட்டி எதுவானாலும் பாணி கொடுங்கள். கொடுத்ததை அந்தப் பெட்டியின் மூடியில் எழுதிவையுங்கள். இராணி எடுக்கிற காலம் வரும்போது, எழுத்து எதுவும் இல்லாத மூடியைத் தேடிப்போங்கள். வயலில் நாம் விதைநெல்லுக்கு ஒதுக்குவது எந்தக் கதிரை என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டு நெல் எல்லா வரம்பிலிருந்தும் வரும், விதை அப்படி வராது.

இனி வருடத்தை ஒரு சுற்றுப் பார்ப்போம்.

தை மாதம் மழை விட்டு வெயில் தெளியும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். மரமுந்திரியும் மாவும் பூக்கத் தொடங்கியிருக்கும். தென்னை வருடம் முழுக்க மகரந்தம் தரும், இந்தக் கரையில் அது தேனீயின் சோற்றுப்பானை. இந்த நேரத்தில் கொஞ்சம் நீர்த்த பாணி, சீனியும் தண்ணீரும் சரிக்குச் சரி, கொடுத்தால் இராணி முட்டையைக் கூட்டும். மாசி, பங்குனியில் கூட்டம் பெருத்துப் பிரிவுக்கு ஆயத்தமாகும். வதையின் கீழ் விளிம்பில் கடலைக்காய் போலத் தொங்குகிற இராணி அறைகள் தெரியும். சிலர் கண்டவுடன் கிள்ளி எறிகிறார்கள். வேண்டாத பெட்டியில் கிள்ளுங்கள். எழுத்தில்லாத மூடிப் பெட்டியில் அவைதான் உங்கள் செல்வம். மூடிய இராணி அறையோடு ஒரு சட்டத்தை, புழுவும் தேனீயும் உள்ள இன்னும் இரண்டு சட்டங்களோடு புதுப் பெட்டிக்கு மாற்றினால் ஒரு குஞ்சுக் கூட்டம் கிடைக்கும். முட்டையிலிருந்து இராணி வெளிவர ஏறத்தாழ பதினாறு நாள். வெளிவந்து ஒரு வாரத்தில் பறந்து சேர்க்கை முடிக்கும். பிறகு முட்டையிடத் தொடங்கும். அந்த நாட்களில் அந்தப் பெட்டியைத் தொடவே கூடாது. மச்சானுக்குக் காட்ட, வந்த விருந்தாளிக்குக் காட்ட என்று திறந்து பார்ப்பதில்தான் பாதி இராணிகள் தொலைகின்றன.

சித்திரையை ஒட்டி வேம்பு, அதன் பின்னால் புளி, காட்டோரத்து மரங்கள், களப்போரத்துக் கண்டல், கண்ணா, தில்லை. தேன் அறையை மேலே வைக்கிற காலம் இது. அறைகளின் வாய் மெழுகால் மூடப்பட்ட வதையை மட்டும் எடுங்கள், மூடாத தேன் புளிக்கும். கீழ் அறைத் தேனில் கைவைக்காதீர்கள். கச்சானில் ஓடுகிற கூட்டங்களில் பாதியைத் துரத்துவது ஆனி மாதத்தில் வழித்தெடுக்கிற கைதான் என்று அடித்துச் சொல்வேன்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு இந்த ஊரில் ஒரு தனிக் கணக்கு உண்டு. பொந்துத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்குள்தான் இரை தேடும். பனிச்சங்கேணி கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கிற துண்டு நிலம். கடற்கரையில் பெட்டி வைத்தால் அந்த வட்டத்தில் பாதி உப்புத் தண்ணீர். களப்புப் பக்கம் வைத்தாலும் தண்ணீர்தான், ஆனால் அங்கே கண்டல் இருக்கிறது, எதிர்க்கரையில் காடு இருக்கிறது. கண்டலை வெட்டிப்போட்டுவிட்டுத் தேனீ வளர்ப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களை என்ன சொல்வது!

கச்சான் வந்ததும் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் ஒன்றையும் விடக்கூடாது. தேன் அறையை இறக்கிவிடுங்கள். தேனீ மூடிக்கொண்டிருக்காத வதை ஒவ்வொன்றும் மெழுகுப்பூச்சிக்கு விட்ட காணி. பழைய கறுத்த வதைகளை வெளியே எடுத்து உருக்குங்கள். பெட்டியை மதிய வெயில் படாத நிழலுக்கு மாற்றுங்கள், ஆனால் ஒரேயடியாகத் தூரத்துக்கு மாற்றினால் வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே திரும்பிவரும். குஞ்சு வளரும் இடத்தை 33 முதல் 35 பாகை வெப்பத்தில் வைத்திருக்கத் தேனீ தண்ணீர் கொண்டுவந்து தெளித்து விசிறும். களப்புத் தண்ணீர் உப்பு. ஒரு மண்சட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, தேனீ உட்காரச் சுள்ளி போட்டு, பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தாங்கியின் நாலு காலையும் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்துங்கள், முசுறு ஏறாது. பட்டினி தெரிந்தால் வாரம் ஒரு முறை 200 கிராம் சீனியில் காய்ச்சிய பாணி போதும். பொழுதுபட்ட பிறகு கொடுங்கள், பகலில் கொடுத்தால் பக்கத்துப் பெட்டிக்காரன் தேனீ கொள்ளையடிக்க வரும். 2022 இல் சீனி விலை ஏறியபோது பலர் இதை நிறுத்தினார்கள். அந்த வருடம் எந்தப் பெட்டி நின்றது என்று குறித்து வைத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், சொற்பொழிவு முடிந்ததும் என்னைச் சந்திக்காமல் போகாதீர்கள்.

மாரியில் வாசல் வாடைக்கு எதிரே இருக்கக்கூடாது. பெட்டியை முன்பக்கம் சற்றுச் சாய்த்தால் மழைத்தண்ணீர் உள்ளே நிற்காது. மற்றபடி சும்மா விடுங்கள்.

தெரிவில் பசிக்கு அடுத்தது சுத்தம். நோயுற்ற புழுவை மோப்பம் பிடித்து, அறையைத் திறந்து, இழுத்து வெளியே போடுகிற பழக்கம் சில கூட்டங்களுக்குக் கூடுதலாக உண்டு. அது தாய்வழி தந்தைவழியாக வருகிற குணம் என்று அமெரிக்க ஆய்வாளர் ரொதன்புலர் 1964 இல் காட்டினார். மினசோட்டாவில் மார்லா ஸ்பிவாக் அந்தக் குணத்துக்கென்றே ஒரு தேனீ வழியை வளர்த்தெடுத்தார். இதைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம். மூடிய புழு அறைகளில் நூறை மெல்லிய ஊசியால் குத்திவிட்டு, மறுநாள் எத்தனை அறை காலியாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். எந்தப் பெட்டி முந்துகிறதோ அதைக் குறியுங்கள்.

உலகத்தின் தேனீக்களைக் கொன்ற வரோவா உண்ணியின் சொந்த வீடு நம் செரானாத் தேனீதான் என்பது பலருக்குத் தெரியாது. இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோது அது தாவியது. அமெரிக்காவை 1987 இல், பிரித்தானியாவை 1992 இல், அவுஸ்திரேலியாவை 2022 இல் அடைந்தது. அங்கே கூட்டம் கூட்டமாகக் கொல்கிற உண்ணி, நம் தேனீயில் அனேகமாக ஆண் புழுவில் மட்டுமே பெருகும். உண்ணி ஏறி நலிந்த ஆண் புழு தன் தடித்த மூடியைத் திறக்க முடியாமல் உள்ளேயே சாகும், வேலைக்காரத் தேனீ அதை அப்படியே அடைத்துவிடும், உண்ணியும் உள்ளே சமாதி. எத்தனையோ காலம் சேர்ந்து வாழ்ந்து பெற்ற வலிமை இது. இதைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டு இனத்தைக் கேட்கிறோம்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சிக்கலானது. ஆனால் இதைத் தெரியாமல் இனவிருத்தி என்று ஒன்றும் செய்ய முடியாது. இராணி பெட்டிக்குள் சேர்வதில்லை. வானத்தில் பறந்து, பல ஆண் தேனீக்களோடு சேரும். எந்த வீட்டு ஆண் என்று நாம் தீர்மானிக்க முடியாது. முன்பு சொன்ன நிக்கொலாஸ் கொனிகரும் விஜயகுணசேகர என்ற ஆய்வாளரும் 1976 இல் இலங்கையில் ஆண் தேனீக்கள் பறக்கிற நேரத்தை அளந்தார்கள். கொம்புத்தேனீயின் ஆண் நண்பகல் 12 மணியிலிருந்து 2.30 வரை. பொந்துத் தேனீயின் ஆண் மாலை 4.15 இலிருந்து 5.15 வரை. பெரிய தேனீயின் ஆண் 6 மணியிலிருந்து 6.45 வரை. ஒரே வானத்தை மூன்று இனமும் நேரம் வகுத்துப் பங்குபோட்டிருக்கின்றன. பயற்றங்காய்த் தோட்டத்துக்கு மாலை நாலரைக்கு மருந்தடிக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக இருட்டிய பிறகு அடியுங்கள்.

அடுத்தது, ஆண் தேனீக்குத் தகப்பன் இல்லை. கருக்கட்டாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது என்பதை போலந்துப் பாதிரியார் ஜியர்சொன் 1845 இலேயே சொன்னார். கருக்கட்டிய முட்டை பெண்ணாவதற்கு, பாலினத்தைத் தீர்மானிக்கிற ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் வெவ்வேறு வகையாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வகையானால் பிறப்பது உதவாத ஆண். வேலைக்காரத் தேனீக்கள் அந்தப் புழுவைப் பொரித்த உடனே தின்றுவிடும். ஒரே தாயின் இராணிகளை ஊர் முழுக்கப் பரப்பினால், ஒரு தலைமுறையில் அண்ணன் தங்கை சேர்க்கை நடந்து, வதையில் புழு இடைவெளி விட்டு விட்டுத் தெரியும். கூட்டம் நோயில்லாமலே மெலியும். மிகச் சிறந்த ஒரே பெட்டியைத் தெரிந்தெடுத்துவிட்டேன் என்று குதிக்கிற ஆர்வக்காரர் விழுகிற குழி இதுதான்.

அப்படியானால் தெரிவைத் தனி ஆள் செய்ய முடியாது. வாகரை, பனிச்சங்கேணி, கண்டலடி, மாங்கேணி, காயான்கேணி என்று இந்தக் கரைத்துண்டு முழுக்கச் சேர்ந்தால் செய்யலாம். ஒவ்வொரு ஊரிலும் கச்சானில் தானாக நின்ற ஒன்றிரண்டு பெட்டிகளிலிருந்து இராணி அறைகளை எடுத்து ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ள வேண்டும். நல்ல பெட்டிகளில் ஆண் புழு வதைகளை வெட்டாமல் விட வேண்டும், வானத்தில் அவற்றின் பங்கு கூடும். சகோதரர் ஆடம் டார்ட்மூரில் தேடிய தனிமை நமக்கு முழுமையாகக் கிடைக்காது. ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் களப்பும் ஓரளவு வேலி. மேற்கே காடு திறந்து கிடக்கிறது. அந்தத் திறப்பை நான் குறையாகப் பார்க்கவில்லை. காட்டுக் கூட்டங்களின் ஆண்கள் வந்து கலப்பதுதான் நம்மை அண்ணன் தங்கைக் குழியிலிருந்து காப்பாற்றும்.

யானை வேலியாகத் தேனீப் பெட்டி வைக்கலாமா என்று சிலர் கேட்டு எழுதித் தந்திருக்கிறீர்கள். கென்யாவில் லூசி கிங் தொடங்கிய முறை அது. இலங்கையில் வஸ்கமுவப் பக்கமும் செய்து பார்த்தார்கள். ஆபிரிக்கத் தேனீயின் கோபம் நம்முடையதற்கு இல்லை. அதைவிடப் பெரிய கேள்வி, கம்பியில் தொங்குகிற பெட்டிகளில் எத்தனையில் தேனீ வருடம் முழுக்க இருக்கும் என்பது. யானை இந்தப் பக்கம் தோட்டத்துக்கு வருகிற வறண்ட மாதங்களில்தான் கூட்டமும் ஓடுகிறது. வெறும் பெட்டிக்கு யானை பயப்படாது. நிற்கிற கூட்டத்தை முதலில் உண்டாக்குவோம், வேலியைப் பிறகு பார்ப்போம்.

பெட்டி, சட்டம், பயிற்சி தேவைப்படுகிறவர்கள் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவைப் பண்டாரவளை பிந்துனுவெவவில் அணுகலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. கணக்கு வைப்பதற்கு அங்குள்ள மாணவர்களைக் கூப்பிடலாம், அவர்களுக்கும் ஆய்வுக்குப் பொருள் வேண்டும். ஆனால் கணக்கைத் தொடங்க யாரும் வரத் தேவையில்லை. வருகிற ஆடி முதலாம் திகதி ஒவ்வொரு பெட்டிக்கும் பெயின்ரால் ஒரு எண் எழுதுங்கள். அன்றிலிருந்து ஐப்பசி முதல் மழை வரை பாணி கொடுத்த நாளை மட்டும் மூடியில் குறியுங்கள். மாசியில் எல்லா ஊர் மூடிகளையும் இதே மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த எண்ணிலிருந்து இராணி எடுப்பது என்று அன்றைக்கு உட்கார்ந்து பேசலாம். தேநீர்ச் செலவு அறக்கட்டளையினுடையது என்று செயலாளர் தலையாட்டுகிறார்.